மேட்டூர் தேதியும் டெல்லி தேதியும்

கேள்வி: வீராணம் பாசனத்தில் மூன்று ஏக்கரில் சம்பா வைக்கிறேன். நெய்வேலியில் நம் பூமியைத் தோண்டி எடுக்கும் கரியில் பக்கத்து மாநிலங்களுக்கெல்லாம் கரண்ட் போகிறது. நமக்குத் தண்ணீர் கேட்டு வாங்கித் தர டெல்லியில் ஆள் இல்லை. இந்த வருஷம் மேட்டூரை நம்பி விதைக்கலாமா?
– ஒரு வாசகர், காட்டுமன்னார்கோவில் வட்டம்

பதில்: அய்யா, வணக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வியும் ஒரு மனவருத்தமும் இருக்கின்றன. வருத்தத்தைத் தள்ளிவிட்டு விதை நேர்த்தியை மட்டும் எழுதினால் அது முழுப் பதில் ஆகாது. அரசுப் பணியில் இருப்பவன் கட்சி பேசக் கூடாது. அதனால் ஊரறிந்த தேதிகளை மட்டும் சொல்கிறேன்.

காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. அதை மத்திய அரசிதழில் வெளியிட 2013 பிப்ரவரி ஆயிற்று. அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான். அப்போது ஆண்டது காங்கிரஸ் கூட்டணி.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நம் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. ஆறு வாரத்தில் செயல்திட்டம் வகுக்கவும் சொன்னது. அப்போது ஆண்டது பா.ஜ.க. மார்ச் 29 அன்று கெடு முடிந்தது. மார்ச் 31 அன்று, தீர்ப்புக்கு விளக்கமும் மூன்று மாத அவகாசமும் கேட்டு மத்திய அரசு மனு போட்டது. கர்நாடகத் தேர்தலைக் காரணம் காட்டியது. மே 3 அன்று, பிரதமரும் அமைச்சர்களும் தேர்தல் பிரசாரத்தில் இருப்பதால் வரைவுக்கு ஒப்புதல் பெற முடியவில்லை என்று நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. மே 12 அன்று வாக்குப்பதிவு. மே 14 அன்று வரைவு வந்துவிட்டது. ஜூன் 1 அன்று அரசிதழிலும் வெளியானது.

கர்நாடக விவசாயியும் நம்மைப் போல மழையைப் பார்த்து வாழ்பவர்தான். அவர் மேல் கோபமில்லை. இரண்டு மாநிலத்தையும் உட்காரவைத்து, தீர்ப்பு இது, இதன்படி நடப்போம் என்று சொல்ல வேண்டியது டெல்லித் தலைமையின் வேலை. ஓட்டுக்குப் பயந்து அது வாய் திறக்கவில்லை என்பதுதான் நம் மக்களின் ஆதங்கம். 2018 ஏப்ரலில் மேலாண்மை வாரியம் கேட்டு நெய்வேலியில் என்.எல்.சி. முற்றுகைப் போராட்டம் நடந்ததும் இதனால்தான். 1956-ல் தொடங்கிய அந்த மத்திய அரசு நிறுவனத்துக்கு நிலம் கொடுத்தவை நம் சுற்றுவட்டார ஊர்கள். அதன் மின்சாரத்தில் கர்நாடகத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு தவணை இல்லாமல் போகிறது.

ஆணையம் அமைந்த பிறகும் 2021 செப்டம்பர் வரை அதற்கு முழுநேரத் தலைவர் இல்லை. மத்திய நீர் ஆணையத் தலைவர்தான் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார்.

டெல்லிக்கு ஆறு வாரம் என்பது ஒரு வாய்தா. நமக்கு அது நாற்றங்காலில் தொடங்கி நடவு முடியும் காலம். 2018-ல் மேட்டூர் ஜூலை 19-ல் திறந்தது மழை பெய்து அணை நிரம்பியதால். 2023-ல் ஜூன் 12-ல் திறந்த அணையை நீரின்றி அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் திறந்தது ஜூலை 28-ல். ஆகவே அய்யா, மேட்டூர் தேதியை மட்டும் நம்பி விதைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

கோடை மழையில் உழுது புழுதியாக்கி வையுங்கள். ஆவணி முதல் பாதிக்குள் விதைக்க முடிந்தால் நீண்ட வயதுடைய சி.ஆர். 1009 சப் 1 போடலாம். கார்த்திகை வெள்ளத்தில் பத்து நாள் மூழ்கினாலும் தாங்கும். செப்டம்பர் பாதி தாண்டினால் 130 நாள் வயதுடைய டி.கே.எம். 13. அக்டோபருக்குப் போய்விட்டால் 105 முதல் 110 நாளில் வரும் கோ 51.

நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 கிலோ விதை. 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். இளம்பயிர் வறட்சியைத் தாங்கும். விதைப்புக் கருவியில் வரிசையாக விதைத்தால் களையெடுப்பு சுலபம். நேரடி விதைப்பில் களைதான் பெரிய தொல்லை. முதல் ஈரம் கிடைத்ததும் களைக்கொல்லிக்கு உங்கள் உதவி வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். விதைத்ததும் அடங்கல் வாங்கிப் பயிர்க் காப்பீடும் செய்துவிடுங்கள். கடைசி நாள் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். 'காவிரி நீர் வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த மாதம் எத்தனை டி.எம்.சி. வர வேண்டும், எவ்வளவு வந்தது என்று கணக்கோடு எழுதி, உங்கள் எம்.பி.க்கு ஒரு நகல் கொடுங்கள். அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக்கு வந்தாலும் அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம்.