தரகர் தந்த குத்துவிளக்கு

மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் இன்னும் எத்தனையோ ஊர்த் தெய்வங்களும் தீர்த்தவாரிக்காக புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுகையில், வந்த ஜனங்களுக்கு ஒரு செம்பு நீர்மோராவது கொடுக்காமல் வாசற்கதவை அடைத்து வைப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. அப்படித் திறந்திருந்த ஒரு வீட்டில், அந்தத் தை மாதந்தான் கிரகப்பிரவேசம் செய்து குடிவந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடைய வீட்டில், வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் நடுவே இடுப்பளவு உயரமுள்ள பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று நின்றது. குனிந்து பார்த்தபோது, அதன் பீடத்தைச் சுற்றி 'அன்புப் பரிசு' என்ற எழுத்துகளும், ஒரு வீட்டுத் தரகருடைய பெயரும், பத்து இலக்கக் கைப்பேசி எண்ணும் பொறித்திருக்கக் கண்டேன். எண்ணெய் வழிந்து எழுத்துகளின் பள்ளத்தில் கறுத்துத் தங்கியிருந்ததால், எண் தூரத்திலிருந்தே தெளிவாகப் படிக்கும்படி இருந்தது. "புரோக்கர் குடுத்தது சார். கமிஷனை வாங்கினதோட நம்மள மறந்துடல. மனசுள்ள மனுஷன்" என்று வீட்டுக்காரர் மனம் நெகிழ்ந்து சொன்னார்.

அவர் சொன்னது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அன்று. கிரயம் முடிந்தபின் விளக்கோ வெள்ளிக் குங்குமச்சிமிழோ சுவர்க் கடிகாரமோ இனிப்புப் பெட்டியோ கொண்டுவந்து கொடுக்கும் தரகர் நல்லவர், ஒன்றும் கொடாமல் போகிறவர் காரியக்காரர் என்ற நம்பிக்கை புதுவையில் மட்டுமின்றித் தமிழ் பேசும் ஊர்களில் எல்லாம் வேரூன்றிவிட்டது. வீடு தேடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கும்போது, அந்தத் தரகர் மூலப்பத்திரத்தைக் காட்டினாரா, வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுக்குப் போட்டுத் தந்தார் என்று கேட்பவர்கள் குறைந்து, "கிரகப்பிரவேசத்துக்கு வந்தாரா, என்ன செய்தார்?" என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. பிழையானது மட்டுமன்று, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒருங்கே ஊமையாக்குவது. ஆகையால் இதைக் கண்டித்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

நன்றி என்பது பெற்ற உபகாரத்துக்கு உள்ளம் செய்யும் பிரதி. கூலிக்கு வேலை செய்தவர், பேசிய கூலியை முழுதும் பெற்றுக்கொண்ட பின், அந்தக் கூலி கொடுத்தவருக்கே நன்றிக் கடன் பட்டிருக்கிறார் என்று நினைப்பதற்கு என்ன ஆதாரம்? நூற்றுக்கு ஒன்று என்றோ இரண்டு என்றோ பேசி, பெரும்பாலும் விற்கிறவரிடம் ஒரு பங்கும் வாங்குகிறவரிடம் ஒரு பங்குமாக இரு கையிலும் வாங்கிக்கொள்வது நம் ஊர்த் தரகு வழக்கம். நாற்பது லட்ச ரூபாய் வீட்டில் நூற்றுக்கு இரண்டு என்றால் எண்பதாயிரம். அதிலிருந்து சில ஆயிரம் பித்தளையாக உருமாறி நம் கூடத்துக்கே திரும்பி வருகிறது. நம்முடைய பணத்தின் ஒரு சிறு துண்டை நமக்கே வெகுமதியாகக் கொடுத்து, அதன் பீடத்தில் தம் எண்ணையும் பொறித்து, நம் வீட்டுக்கு வரும் உறவினர்கள் எல்லாரும் கும்பிடும் இடத்தில் நிறுத்திவைப்பதற்கு விளம்பரம் என்று பெயர். விளம்பரம் செய்வது குற்றமன்று. அதை அன்பு என்று நாம் ஏற்றுக்கொள்வதுதான் தவறு. திண்டிவனம் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் மனைப்பிரிவு போடுகிறவர்கள் 'மனை வாங்கினால் தங்க நாணயம் இலவசம், பத்திரச் செலவு இலவசம்' என்று துண்டுப் பிரசுரம் விநியோகிக்கிறார்களே, அந்த நாணயத்தின் விலை சதுர அடி விலைக்குள் அடங்கியிருக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். குத்துவிளக்கைப் பற்றி மட்டும் நாம் அவ்வாறு யோசிப்பதில்லை.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. பிரெஞ்சு மொழியில் தரகரைக் குறிக்கும் 'கூர்த்தியே' என்ற சொல்லே பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் சுதேசிகளுள் தலைமையான ஒரு பதவிக்குப் பெயராக இருந்தது. அந்தப் பதவியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761 வரையில் எழுதிவந்த தினசரிதையைப் புரட்டினால், யார் யாரைப் பேட்டி காணும்போது எத்தனை வராகன் நசராக, அதாவது காணிக்கையாக, வைத்தார்கள், யாருக்குச் சால்வை போர்த்தினார்கள், துபாசிப் பதவியை நாடியவர்கள் டூப்ளேயின் மனைவியிடம் என்னென்ன கொடுப்பதாகப் பேசினார்கள் என்பனவெல்லாம் தொகையோடு காணக் கிடைக்கும். அந்த முறையை நான் போற்றவில்லை. ஆயினும் கொடுத்தவரும் வாங்கியவரும் குறித்து வைத்தவரும் அதை உத்தியோகத்தின் விலையாகவும் தயவின் விலையாகவுமே கணக்கிட்டார்கள். நசர் வைத்தவர் மனசுள்ள மனிதர் என்று எவரும் உருகவில்லை. தொகை ஏட்டில் ஏறிற்று. இன்றைய விளக்கு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

'வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போகலாமா? இது நம் பண்பாடு அல்லவா?' என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். சுபகாரியத்துக்கு வருகிறவர் பழமும் பூவும் வெற்றிலை பாக்கும் கொண்டுவருவதை நான் ஆட்சேபிப்பேனாகில் இந்த மண்ணில் பிறந்தவனாக மாட்டேன். ஆனால் நிலம் கைமாறும் காரியத்தில் நம் பெரியவர்கள் வைத்திருந்த மரியாதை எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அச்சாரம் கொடுக்கிற நாளில் விற்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பணத்தை வைத்து, நான்கு பேர் காதில் விழும்படி தொகையைச் சொல்லிக் கொடுப்பார்கள். அங்கே தாம்பூலம் அந்தத் தொகைக்குச் சாட்சியாக நின்றது. இப்போதைய பரிசோ தொகையைப் பற்றிய பேச்சு எழாதபடி பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே பண்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை. குத்துவிளக்கு நின்ற அந்த வீட்டை விற்றவர் எங்கள் தெருவிலேயே வாழ்ந்தவர். கட்டுமரத்திலும் பிறகு கண்ணாடியிழைப் படகிலும் கடலுக்குப் போன ஒருவருடைய விதவை. எல்லாரும் ஆயா என்று கூப்பிடும் எழுபது வயது மூதாட்டி. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் வீட்டை விற்றுவிட்டு இப்போது குருசுக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் தரகர் ஒரு பட்டுப்புடவையும் இனிப்புப் பெட்டியும் கொடுத்திருந்தார். தீர்த்தவாரி பார்க்க வந்தவர், வாங்கியவரின் வற்புறுத்தலால் தாம் நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டுக்குள் விருந்தாளியாக வந்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் வீட்டுக்காரர் தாம் கொடுத்த மொத்தத் தொகையைச் சொன்னார். ஆயா நிமிர்ந்து பார்த்தார். தமக்கு வந்த தொகையை மெதுவாகச் சொன்னார். இரண்டுக்கும் இடையே இரண்டு லட்சம் ரூபாய் வித்தியாசம் இருந்தது.

இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே மேசைக்கு முன் நின்று கையெழுத்துப் போட்டவர்கள்தாமே, இது எப்படி நேர்ந்தது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். வியப்பதற்கு ஒன்றுமில்லை. பத்திரத்தில் அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பை எழுதி, மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்துத் தீர்க்கும் துர்வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. அந்த ரொக்கம் பெரும்பாலும் தரகருடைய கை வழியாகவே போகிறது. காகிதத்தில் ஏறாத பணத்துக்குக் காகிதத்தில் கணக்கு இல்லை. வாங்கினவர் கேட்டால் தம் குற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், விற்றவரும் அப்படியே. இவ்விதமாக இருவர் வாயும் ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கும் இடத்தில், மீதிப் பாதியை அடைப்பதற்கு ஒரு விளக்கும் ஒரு புடவையும் போதுமானவையாக இருக்கின்றன. பரிசு கொடுக்கும் பழக்கம் எங்கே செழிக்கிறது என்று நான் நெடுநாள் கவனித்து வந்ததில், மெய்யான விலை பத்திரத்தில் எழுதப்படாத கிரயங்களில்தான் அது மிகவும் செழிக்கிறது என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவராக அமைந்தவர் தம்மை அமர்த்தியவர் கேட்கும்போது முறையான கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்று 213ஆம் பிரிவில் கூறுகிறது. அமர்த்தியவர் அறியாமல் முகவர் தம் சொந்த லாபத்துக்காக அந்தக் காரியத்தை நடத்தினால், அதனால் வந்த ஆதாயத்தைக் கேட்டுப் பெறும் உரிமை அமர்த்தியவருக்கு உண்டு என்பது 216ஆம் பிரிவு. சொன்ன விலைக்கு மேலே வைத்து விற்று வித்தியாசத்தை மடியில் கட்டிக்கொள்வதை இதைவிடத் தெளிவாக எப்படிக் கண்டிப்பது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமோ, தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கணக்குப் புத்தகங்களும் ஆவணங்களும் வைத்திருக்க வேண்டும், வாங்குகிறவருக்கு உரிய தகவல்களும் பத்திரங்களும் கிடைக்க உதவ வேண்டும் என்றெல்லாம் விதித்திருக்கிறது. ஆனால் அது புதிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. ஒருவர் தாம் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கிற எங்கள் தெருக் கிரயம் அதன் வலைக்குள் அகப்படுவதில்லை. ஆகவே இங்கே காவல் என்று இருப்பது நாம் கேட்கும் கேள்வி ஒன்றே. அந்தக் கேள்வியைத்தான் பரிசு கேட்கவிடாமல் செய்கிறது.

கேட்கவேண்டிய கேள்விகளும் கொஞ்சமல்ல. வைத்திக்குப்பத்தில் வீடு வாங்குகிறவர் கடலைப் பார்த்து வாங்குகிறார். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழும்பிய பிறகு, வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டு, நகரத்தின் மணற்கரையும் அதற்கு வடக்கே எங்கள் குப்பத்துக் கரைகளும் கரைந்துபோய், கருங்கற் குவியலே கரையாகிவிட்ட வரலாறு வெளியூர்க்காரருக்குத் தெரிய நியாயமில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுனாமியில் கடல் எந்தத் தெருவரையில் ஏறிற்று என்பதும் அவருக்குத் தெரியாது. 1991இல் முதன்முதல் பிறப்பிக்கப்பட்டு, 2011லும் 2019லும் புதுப்பிக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டவும் இடித்துக் கட்டவும் தனியான கட்டுப்பாடுகள் உண்டு. மாடி எடுத்து விருந்தினர் விடுதி நடத்தலாம் என்ற ஆசையோடு வருகிறவருக்கு இதை முதல் நாளே சொல்லும் தரகர், ஒரு வெற்றிலை கூடக் கொடாமல் போனாலும் உத்தமமான உபகாரம் செய்தவர். நொத்தேர் என்னும் பத்திர அதிகாரி எழுதிய பழைய பிரெஞ்சுப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டி, பிரான்சில் இருக்கும் பங்காளி ஒருவர் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் கண்டுபிடித்து, "இந்த வீடு வேணாம் சார்" என்று சொல்லித் தம் கமிஷனைத் தாமே இழந்த ஒரு முதியவரை நான் அறிவேன். அவர் ஆயுளில் யாருக்கும் விளக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. அந்தக் காரணத்தாலேயே அவரைக் கஞ்சன் என்று பேசினவர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் காதால் கேட்டபோது எனக்கு உண்டான வருத்தமே இந்தக் கட்டுரைக்கு வித்து.

தரகர்களுடைய பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது பட்சபாதமாகும். ஒரு வீட்டைக் காட்ட முப்பது பேரை அழைத்துப் போய், பெட்ரோல் செலவும் வெயிலும் தம் தலையில் ஏற்று, கடைசியில் இரு கட்சியும் தங்களுக்குள்ளே ரகசியமாகப் பேசி முடித்துக்கொண்டு கமிஷன் கொடாமல் கைவிரித்த கதைகள் ஒவ்வொரு தரகரிடமும் இருக்கின்றன. பேசிய கூலியில் பாதியைக் கொடுத்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம்பா" என்று தோளில் தட்டி அனுப்புகிறவர்கள் படித்தவர்களே. கூலியை ஒழுங்காகக் கொடாதவர்களுக்கு நடுவில் பிழைக்கிறவர், உறவாடியும் பரிசளித்தும் தம் பிழைப்பைக் காத்துக்கொள்ளப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. ஆகையால் பேசிய தரகை ஒரு ரூபாய் குறையாமல், ரசீது பெற்றுக்கொண்டு, கொடுத்துவிடுங்கள் என்று வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஈடாக அவர் கொடுக்கவேண்டியது ஒரு தாள்: யாரிடம் எவ்வளவு வாங்கினேன், யாரிடம் எவ்வளவு கொடுத்தேன், இரு கட்சியிலும் எனக்கு வந்த தரகு எவ்வளவு என்று தேதியிட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாள். அதைக் கொடுத்தவர் பிறகு மனமுவந்து பழத்தட்டோடு வருவாரானால், அந்தத் தட்டை இரு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

மாசி மகம் கழிந்த மூன்றாம் நாள் ஆயாவைப் பார்க்க அவர் மகள் வீட்டுக்குப் போனேன். தரகரிடம் கணக்கைக் கேளுங்கள், வாங்கியவரும் கூட வருவதாகச் சொல்கிறார் என்றேன். "புடவ எடுத்துக் குடுத்த புள்ளையாண்ட போயி கணக்கு கேக்கச் சொல்றியா தம்பி? நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். வெகுநேரம் நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பிறகு உள்ளே போய், கடைப் பையிலிருந்து இன்னும் எடுக்காத அந்தப் புடவையைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு, பேரனிடம் நோட்டுப் புத்தகத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"எழுது. புடவைய திருப்பிக் குடுத்துடறேன்னு மொதல்ல எழுது. அப்பறமா மத்தத கேளு."