பங்காளி என்றால் யார்?

அண்மைக் காலமாகக் கூட்டங்களில் ஒரு சொற்றொடர் அடிக்கடி காதில் விழுகின்றது: அரச - தனியார் பங்குடைமை. அரசாங்கமும் கம்பனிகளும் கைகோத்து வெள்ளம், வரட்சி, சூறாவளி முதலியவற்றால் வரும் ஆபத்தைக் குறைப்பதாம். 2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் கூடி 2030 வரைக்குமான அனர்த்த ஆபத்துக் குறைப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, தனியார் துறைக்கும் இதில் பொறுப்புண்டு என்று எழுதினார்கள். நல்லது. ஆனால் 1978 சூறாவளியையும் 2004 கடற்கோளையும் கண்டவர்கள் நாம். இடையில் போரினால் கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம் பக்கத்து வயல்களை விட்டுக் கரையோரம் ஒதுங்கியவர்களும் நம்மிடையே உள்ளனர். கைகோப்பவர்கள் யார், யாருடைய நிலத்தில் நின்று கைகோக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கம்பனி என்றவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்ததற்கும் அலை நம் கரையை அடைந்ததற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்நேரத்துள் நமக்குச் சொல்ல ஒருவருமில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை, 10,000க்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டமே. 2009 இல் டயலொக் கம்பனியும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து, கைத்தொலைபேசி வழியாக அபாய எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை ஆரம்பித்தன. கோபுரம் கம்பனியிடம், எச்சரிக்கும் அதிகாரம் அரசிடம், ஒன்றில்லாமல் மற்றதால் பயனில்லை. இதைக் கூட்டு என்று சொல்லலாம். ஆயினும் 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. கோபுரம் மாத்திரம் போதாது, பாஷையும் வேண்டும்.

மற்றக் கதை வேறு விதமானது. கடற்கோள் நடந்து சில வாரங்களுள், 2005 ஜனவரியில், நாட்டை மீளக் கட்டியெழுப்புவதற்கென அரசாங்கம் ஒரு செயலணியை நியமித்தது. 'டப்ரன்' என்று அழைக்கப்பட்ட அதில் பெரும்பாலும் கொழும்பு வர்த்தகப் பெரும்புள்ளிகளே அமர்ந்திருந்தார்கள். கரையோரம் ஆபத்தானது, மக்களைப் பின்னகர்த்த வேண்டும் என்பது அக்காலத்து அரச கொள்கை. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கட்டக் கூடாத வலயம் என்றார்கள். உல்லாச விடுதிகளுக்கோ விலக்குக் கிடைத்தது. அலைக்கு வாடியும் விடுதியும் வித்தியாசம் தெரியுமா? அறுகம்பேயில் உல்லாச நகரம் அமைக்கும் வரைபடமும் அதே ஆண்டில் வந்தது. மக்கள் எதிர்த்தார்கள்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடப்பவை. அங்கே 200 மீற்றர் பின்னால் போ என்றால், வயலுக்குள் போ என்பதே அர்த்தம். வயலை நிரப்பி வீடு கட்டினால் மாரி வெள்ளம் எங்கே வடியும்? இதைக் கேட்க ஒரு மீனவனோ ஒரு கமக்காரனோ அந்த மேசையில் இருக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் விதி தளர்த்தப்பட்டது; அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கூடாரத்தில் மாதங்களைக் கழித்துவிட்டன. டித்வாவுக்குப் பின் அமைக்கப்பட்ட மீள்கட்டுமான நிதியத்தின் முகாமைக் குழுவிலும் பெருங்கம்பனித் தலைவர்கள் இடம்பெற்றார்கள். நமக்கு அங்கே கதிரை எங்கே என்று இப்போதே கேட்பது நல்லது.

இன்னொன்று. கம்பனி இலாபம் பார்க்கும். அது அதன் இயல்பு, பாவமல்ல. ஆகவே இலாபமில்லாத இடத்துக்கு அது வராது. 2024 நவம்பர் 26 அன்று, நிந்தவூர் மதரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளின் உழவு இயந்திரத்தை மாவடிப்பள்ளியில் வெள்ளம் இழுத்துச் சென்றது. ஆறு மாணவர்கள் மாண்டார்கள். அந்த வீதியை உயர்த்துவதிலும் வாய்க்கால் துப்புரவு செய்வதிலும் எந்த முதலீட்டாளருக்கு வரும்படி உண்டு? அது அரசின் கடமை. கூட்டு என்ற பெயரில் அக்கடமையைக் கைகழுவ இடங்கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்துக்குப் பின் யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட வேண்டும். டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிந்து தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. துறைமுக வாயிலையோ மணல் மூடியது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், கடல் போகவில்லை.

நமக்கு மிக நெருக்கமான விடயம் பயிர்க் காப்புறுதி. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வரிக்குப் பிந்திய இலாபத்தில் நூற்றுக்கு 1 வீதத்தைப் பயிர்க் காப்புறுதிக்கெனத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்த வேண்டுமென 2013 இல் சட்டம் வந்தது. யாரும் போடும் பிச்சையல்ல இது. ஆனால் நட்டஈடு கமநல சேவை நிலையப் பதிவேட்டின் வழியாகவே வயலுக்கு வருகிறது. அனுமதிப் பத்திரம் முகாமில் தொலைந்தவர், குத்தகைக்குச் செய்பவர், காணாமற்போன கணவனின் பெயரிலேயே காணி கிடக்கும் சகோதரி ஆகியோரின் பெயர் அங்கே இருக்கிறதா? நட்டம் குத்தகைக்காரனுக்கு, காசு காணிக்காரனுக்கு என்று முடிவதும் உண்டு. மழைமானி அளவை வைத்து நட்டஈடு தரும் காப்புறுதியை யாராவது விற்க வந்தால், மானி எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பொத்துவிலில் பெய்த மழை சாகாமத்து வயலை நனைக்காது.

எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் தானியம் சேர்த்துப் பஞ்சத்தை வென்ற வரலாறு நமக்குத் தெரியும். யூசுப் நபியின் வரலாறாக நம் முஸ்லிம் அயலவரும் அதை அறிவார்கள். ஆனால் தொடக்க நூல் 47ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. அதே களஞ்சியத்துக்கு முதலில் மக்களின் பணம் போயிற்று, பின் கால்நடை, பின் நிலம், கடைசியில் அவர்களே பார்வோனுக்கு அடிமையானார்கள். உயிர் தப்பியது, காணி தப்பவில்லை. குருக்களின் நிலம் மட்டும் தப்பியதாம்! குருவாகிய எனக்கு அந்த வசனம் சற்றுக் கூச்சம் தருவதுதான்.

நம் வட்டை விதானையைப் பாருங்கள். கமக்காரர் கூடி அவரைத் தெரிகிறார்கள். நெல்லாகக் கூலி கொடுக்கிறார்கள். வரம்பு, வாய்க்கால், நீர்ப் பங்கீடு அவர் பொறுப்பு. வேலை பிசகினால் அடுத்த போகத்துக்கு வேறொருவர். எந்தக் கம்பனி வந்தாலும் இதே அளவுகோலால் அளக்கலாம்: கணக்கைத் தமிழில் எங்கள் முன் வைப்பாரா, நட்டத்திலும் பங்கெடுப்பாரா, பிசகினால் மாற்ற எங்களுக்கு வழியுண்டா?

பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகுமுன் பழைய அனுமதிப் பத்திரம், ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எது கையில் இருந்தாலும் எடுத்து வையுங்கள். பதிவேட்டில் பெயரில்லாத குடும்பங்களின் பட்டியலை, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைத் தனியாகக் குறித்து, சங்கத்தின் கடிதமாகவே கமநல உத்தியோகத்தரிடமும் காப்புறுதி அலுவலரிடமும் கொடுங்கள். கையளித்த திகதியை எழுதி வாங்கி, ஒரு பிரதியைச் சங்கத்திலும் இன்னொன்றைப் பங்குப் பணிமனையிலும் வையுங்கள்.