மந்திரிசபையும் மண்புழுவும்

மண்புழுவைப் பற்றி எழுத ஓர் அரசியல் வார இதழுக்கு என்ன தேவை வந்தது என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். தேவை வந்து சில ஆண்டுகளாயின. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பிலே ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. இரசாயன உரம் இனி இந்நாட்டுக்குள் இறக்குமதியாகலாகாது என்றது அது. கமக்காரனுக்கு ஒரு போக அவகாசங்கூட இல்லை. மாற்று எருவுக்கு ஏற்பாடும் இல்லை. நவம்பர் மாதத்தில் அதே ஆட்சியாளர் தமது கட்டளையைத் தாமே மீளப் பெற்றனர். இடையிலே சீனத்திலிருந்து சேதன உரம் கப்பலேறி வந்தது. அதில் தீங்கு விளைக்கும் நுண்ணுயிர் உண்டென்று அதிகாரிகள் இறக்க மறுத்தனர். இறங்காத உரத்துக்கு 67 இலட்சம் டொலர் கொடுக்க இசைந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது அரசு. வீட்டுக்கு வீடு உண்டாக்கக் கூடிய எருவைக் கடல் கடந்து தேடிப்போனவர்கள் கண்ட பலன் அது!

யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1990களிலே வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருள்களில் யூரியாவும் ஒன்று. அன்று யுத்தத்தின் பெயரால் மறித்தார்கள். 2021இல் சேதன விவசாயத்தின் பெயரால் மறித்தார்கள். எப்பெயரால் மறித்தாலும் வெங்காயத் தாள் மஞ்சளாவது ஒன்றுதான். நமது தோட்டத்தின் பசளை முழுவதும் பிறர் கையெழுத்திலே தங்கியிருக்கும் வரையில் இந்த அச்சம் நம்மை விட்டு நீங்காது. அதிலே ஒரு பங்கையாவது நமது வளவுக்குள் உண்டாக்கிக் கொள்ளலாம் என்பதற்காகவே புழுவைப் பற்றிப் பேசுகிறோம்.

புழுவின் பெருமையை உலகுக்குக் கணக்கிட்டுக் காட்டியவர் சார்ள்ஸ் டார்வின். 1881இல் அவர் வெளியிட்ட கடைசி நூல் மண்புழுவைப் பற்றியது. ஓர் ஏக்கர் நிலத்திலே ஆண்டுதோறும் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் வயிற்றினூடாகச் சென்று வெளிவருகிறது என்று அவர் கணித்தார். பத்தாண்டு கழித்து, 1891இல், சுந்தரம்பிள்ளை தமது மனோன்மணீயத்திலே நாங்கூழ்ப் புழுவை உழவனின் தோழனாக வைத்துப் போற்றினார். தமிழ் நாடகமொன்றிலே மன்னனுக்கும் மந்திரிக்கும் நடுவே புழுவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. நமது திட்டங்களிலே அதற்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஒன்றை முதலில் தெளிவாக்க வேண்டும். தோட்டத்து மண்ணைத் தோண்டினால் அகப்படும் புழு வேறு. எருவாக்கும் புழு வேறு. முன்னையது ஆழத்தில் வளை அமைத்து வாழ்வது. அதைப் பிடித்துப் பெட்டியில் அடைத்தால் மடிந்துபோகும். எருப்புழுவோ மேற்பரப்பிலே அழுகும் இலையிலும் சாணத்திலும் வாழ்வது. மாட்டுக்கொட்டிலுக்கு அருகே பழைய எருக்குவியலின் ஈரமான அடியைக் கிளறினால் சிவந்த சிறு புழுக்கள் நெளியக் காணலாம். அவற்றிலே தொடங்கலாம்.

வீட்டிலே வளர்ப்பதற்குச் சீமெந்துத் தொட்டி வேண்டியதில்லை. அடியிலே துளையிட்ட பழைய வாளியோ மரப்பெட்டியோ போதும். கீழே பொச்சுமட்டைத் தும்பு. அதன்மேல் ஆறவைத்த சாணம். பச்சைச் சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும். அதற்குமேல் மரக்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, சருகு. நனைத்துப் பிழிந்த துணியளவு ஈரம் இருந்தால் போதுமானது. நாமே முதன்முறை அன்பு மிகுதியால் நீரை ஊற்றி ஊற்றிப் பெட்டியிலிருந்த அத்தனையையும் மூழ்கடித்தவர்கள். ஆதலால் இதனை அழுத்திச் சொல்கிறோம். உப்பு, எண்ணெய், புளித்த குழம்பு, மீன்தலை, தேசிக்காய்த் தோல் ஆகியவற்றை இடலாகாது. கரையோர ஊர்களிலே உவர்க்கிணற்று நீரையும் தவிர்க்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலிலே மாமர நிழலும் ஈரச்சாக்கும் இன்றியமையாதவை. எறும்பைத் தடுக்கப் பெட்டியின் கால்களை நீர்ச் சிரட்டையிலே நிறுத்தினாலாயிற்று. ஒரு கிலோ புழு நாளொன்றுக்குச் சுமார் அரைக் கிலோ கழிவை உண்ணும். இரண்டு மூன்று மாதத்தில் தேயிலைத் தூள் போன்ற கறுத்த எரு கைக்கு வரும்.

இந்த எரு யூரியாவை ஒழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னவர்களாலேயே 2021இல் நாடு கெட்டது. 50 கிலோ யூரியா மூட்டையிலே 23 கிலோ நைதரசன் இருக்கிறது. புழு எருவிலே நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அதே 23 கிலோவைப் புழு எருவால் கொடுக்க ஒன்றரைத் தொன் அளவு வேண்டும். வெங்காயத் தோட்டத்துக்கு வீட்டுப் பெட்டி எம்மட்டு? ஆனால் நாற்றுமேடைக்கும், வீட்டுக் கத்தரிக்கும், மிளகாய்க்கும், முருங்கைக்கும் அது தாராளமாகப் போதும். செம்பாட்டு மண்ணிலே ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும் பசையும் அதனால் பெருகும். நமது மூதாதையர் குழை தாழ்த்தியதும், தோட்டத்திலே ஆட்டுப்பட்டி அடைத்ததும் அந்தப் பசைக்காகவே அல்லவா?

அந்தப் பசை குறைந்தால் இடும் உரம் எங்கே போகிறது என்பதை மருத்துவரும் பொறியியலாளரும் நம்மிலும் நன்கறிவர். குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மழை தரும் நீரைச் சுண்ணக்கல் ஏந்தி வைத்திருக்கிறது; அதையே இறைக்கிறோம், அதையே குடிக்கிறோம். பயிர் உண்ணாத நைதரசன் அந்தக் கல்லின் வெடிப்பு வழியே கிணற்றுக்குள் இறங்கி நைத்திரேற்றாக நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். செறிவாகப் பயிரிடும் பகுதிகளிலே பல கிணறுகள் அவ்வெல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. புட்டிப்பால் கரைக்கும் தாய்மார் அஞ்ச வேண்டிய செய்தி இது. பழியை யூரியாவின் மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையன்று. மலக்குழிகளுக்கும் இதிலே பங்குண்டு. அளவின்றிக் கொட்டினால் சாணமும் அதையே செய்யும். மெல்ல மெல்லச் சத்தை விடுகின்ற எருவைச் சேர்த்து, மூட்டை உரத்தை அளந்து குறைப்பதே நாம் வேண்டுவது.

இனி, பட்டணத்து அன்பர்களுக்கு ஒரு சொல். கமக்காரன் மண்ணுக்கு உணவு தேடி அலைகையில், உத்தியோகத்தர் வீடுகளிலே அந்த உணவு பொலித்தீன் பையில் கட்டி வீதிக்கு வருகிறது. மாநகரக் குப்பை கல்லுண்டாய் வெளியிலே குவிந்து பலமுறை தீப்பற்றிப் புகைந்ததை அயலூரார் மறக்கவில்லை. கொழும்பின் குப்பையோ 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையிலே சரிந்து, 30 பேருக்கு மேற்பட்டோரை உயிரோடு புதைத்தது. வளவுள்ள வீட்டார் தமது மரக்கறித் தோலையாவது வீதிக்கு அனுப்பாதிருக்கலாம்.

ஆயினும் வீட்டுப் பெட்டியோடு இது முடிகின்ற காரியம் அன்று. திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளிலே நாள்தோறும் சேரும் இலைகுழையும் அழுகற் காயும் பிற குப்பையோடு கலவாமல் பிரித்தெடுக்கப்பட வேண்டும். அவற்றை அவ்வவ்வூர்க் கமக்காரர் அமைப்புகளிடம் ஒப்படைக்க உள்ளூராட்சிச் சபைகள் முன்வருதல் வேண்டும். புழு வளர்க்க ஒரு கொட்டிலும் காவலுக்கு ஓர் ஆளுமே அவர்கள் கேட்பார்கள். அதற்கான தொகையை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலே காண விரும்புகிறோம்.