கால் முறிந்தால் இறுக்கிக் கட்டாதீர்!

கொடைக்கானல் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். வெயில் அடித்துக் கொண்டே இருக்கும். திடீரென்று மஞ்சு வந்து மூடும். புல் எல்லாம் ஈரம். அதிலேதான் நம் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். உதைக்கட்டும். நல்ல விளையாட்டு. ஆனால் ஒருவனுக்குக் கால் முறிந்தால் என்ன செய்வது என்று மைதானத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். முன்னால் இருப்பது பெரியது. அதன் மேலே சதை கிடையாது, தோல் மட்டும்தான். எதிராளியின் பூட்ஸ் வேகமாக மோதினால் 'படக்' என்று முறியும். சில சமயம் தோலைக் கிழித்துக் கொண்டு வெளியே வரும்.

ஆறு மணி நேரம்

முறிவை விடப் பெரிய ஆபத்து வீக்கம். உள்ளே ரத்தம் கட்டி, சதை இறுகி, ரத்த ஓட்டம் நிற்கும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் டாக்டர் கீறி விடாவிட்டால் சதை செத்துப் போகும். கால் போகும். வீங்குகிற காலில் எண்ணெய் தடவி, மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை பிரியா இறந்தார். அவருக்கு எலும்பு முறிவு அல்ல. சவ்வு கிழிந்ததற்கு ஆபரேஷன். அதன் பிறகு போட்ட கட்டு இறுகி, ரத்த ஓட்டம் தடைப்பட்டது. காலை எடுத்தார்கள். அப்படியும் உயிர் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டே இப்படிச் செய்யும் என்றால், தெரியாதவர் போடும் கட்டு?

நம் மலையில் தூரம் வேறு. மன்னவனூரில் இருந்து கொடைக்கானலுக்கே சுமார் 35 கிலோமீட்டர். மதுரைக்கு அனுப்பினால் மேலும் 120 கிலோமீட்டர். வழியெல்லாம் வளைவு. சீசனில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். "காலையில் பார்த்துக்கலாம்" என்றால் அந்த ஆறு மணி நேரம் வீட்டிலேயே போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

காலை இழுக்காதீர்கள். நிற்க வைக்காதீர்கள். முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை பலகை வைத்து, துணி சுற்றி, தளர்வாகக் கட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். 108க்குப் போன் போடுங்கள். போகிற வழியில் கால் விரல்களைப் பார்த்துக் கொண்டே போங்கள். விரல் சில்லிட்டாலோ, மரத்துப் போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ கட்டைத் தளர்த்தி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

எலும்பு விலகாமல் இருந்தால் மாவுக்கட்டு போதும். விலகி இருந்தால் எலும்புக்கு உள்ளே கம்பி போட்டு நிறுத்துவார்கள். கூடிவர மாதக்கணக்கில் ஆகும். பயப்பட வேண்டாம். சுவீடன் வீரர் லார்சனுக்கு 1999 அக்டோபரில் கால் முறிந்தது. 2000ம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் இறங்கி கோலும் போட்டார்!

நிபந்தனை போடுங்கள்

காலுக்கு முன்னே கட்டும் 'ஷின் கார்டு' உலகக் கால்பந்து விதிப்படி 1990 முதலே கட்டாயம். முறிவை முழுதாகத் தடுக்காது, அடியைக் குறைக்கும். கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் வசூல் செய்கிறவர்கள் இதற்கும் நாலு காசு ஒதுக்கலாமே? நகராட்சியும் ஊராட்சிகளும் மைதானம் தரும்போதே கறாராகச் சொல்ல வேண்டும்: ஷின் கார்டு இல்லாதவன் இறங்கக் கூடாது. பலகையும் ஸ்ட்ரெச்சரும் மைதானத்தில் இருக்க வேண்டும். ஒரு வண்டி டிரைவரோடு நிற்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பையனின் கால் போனால் அந்தக் குடும்பத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? பொறுப்பில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.