அலையோரத்தில் ஒரு வீடு: எத்தனை இரவுகளுக்கு?



மும்பையிலும் தானேயிலும் நவி மும்பையிலும் வாழும் நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய விருப்பம் எழும்பியிருக்கிறது. வாடகை அறையில் தொடங்கிய வாழ்க்கை சொந்த ஃபிளாட்டில் வந்து நிலைத்து, அதன் கடனும் அடைந்து முடிந்தபின், "அலிபாக் பக்கம் கடலோரமாக ஒரு சிறிய வீடு வாங்கிப் போட்டால் என்ன? பிள்ளைகள் ஓடியாடுவார்கள், விலையும் ஏறும்" என்கிற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. இப்பேச்சு எழும்போதெல்லாம், மணலின்மேல் கட்டிய வீட்டை நினைப்பூட்டிச் சிரிக்கிறவர் ஒருவரும் அங்கே இருப்பார். அப்படிச் சிரித்துத் தள்ளிவிட வேண்டிய காரியம் அல்ல இது. கடலைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளோடு சில நாட்கள் இருக்க விரும்புவதில் ஒரு தவறும் இல்லை. அதை முதலீடு என்று சொல்லிக்கொண்டு கடன் வாங்கும்போதுதான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டியதாகிறது.

அலிபாக் நமக்கு முன்பைவிட அருகில் வந்துவிட்டது என்பது உண்மையே. 2020 மார்ச்சில் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு வாகனங்களை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கப்பல் தொடங்கியது. 2024 ஜனவரி 12 அன்று சிவ்ரியிலிருந்து நாவா சேவாவுக்கு அடல் சேது திறக்கப்பட்டது. தரகர்கள் முதலில் சொல்லும் செய்தியும் இதுவே. ஆனால் பாலம் வருவதற்கு முன்பே விலைக்குள் பாலம் வந்துவிடுகிறது என்பதை அவர்கள் சொல்லுவதில்லை. விற்கிறவரும் செய்தித்தாள் வாசிக்கிறவர்தானே!

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தொகைகளை அந்தந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் விலை 80 லட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வையும் அதன்மேல் வரும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 6 சதவீதம், பதிவுக் கட்டணம் 30,000 என்று வைத்தால் 5.1 லட்சம் ஆகிறது. வங்கிக் கடன் 50 லட்சம், வட்டி 8.5 சதவீதம், காலம் 15 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 49,200 ரூபாய். 50 லட்சத்துக்காக 15 ஆண்டுகளில் 88 லட்சத்துக்கு மேல் திருப்பிச் செலுத்துவீர்கள். முதல் ஆண்டில் வட்டி மாத்திரம் ஏறக்குறைய 4.2 லட்சம். உங்கள் கையிலிருந்து போட்ட 35 லட்சம் வைப்புநிதியில் 6.5 சதவீதத்தில் இருந்திருந்தால் 2.3 லட்சம் ஈட்டியிருக்கும்; அதுவும் இழப்பே. காவலாளுக்கு மாதம் 6,000, மின்சாரம், தண்ணீர், வீட்டுவரி, வண்ணப்பூச்சு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். மொத்தம் 8 லட்சம்.

வீட்டின் விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று நல்ல மனதோடு ஒப்புக்கொள்வோம். அப்படியானால் 4 லட்சம் திரும்பி வருகிறது. மீதி 4 லட்சமே அந்த வீட்டை வைத்திருப்பதற்கு முதல் ஆண்டில் நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை.

இப்பொழுது ஒரே ஒரு கேள்வி. ஆண்டில் எத்தனை இரவுகள் அந்த வீட்டில் படுத்துறங்குவீர்கள்?

அதே ஊரில் குடும்பத்தோடு தங்க நல்ல அறைக்கு ஓர் இரவு 8,000 ரூபாய் என்று வைத்தால், 4 லட்சத்துக்கு 50 இரவுகள் தங்கலாம். ஆகவே ஆண்டுக்கு 50 இரவுகளாவது தங்குகிறவர்களுக்கே சொந்த வீடு ஈடாகும். 50 இரவுகள் என்றால் ஏறக்குறைய ஒவ்வொரு சனிக்கிழமை இரவும். ஞாயிறு காலை ஆராதனையில் இருக்க வேண்டிய குடும்பம் சனி இரவில் கீகிம் கடற்கரையில் எப்படி இருக்கும்? மற்றவர்களுக்கு வாரக்கடைசி என்பது விடுமுறை. நமக்கோ வாரத்தின் முக்கியமான நாள் அது. மே மாதத்தில் சொந்த ஊர்ப் பயணம். டிசம்பரில் கீதபவனியும் கிறிஸ்துமஸ் கூடுகைகளும், 31ஆம் தேதி இரவு ஆராதனையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் பயணிகள் படகுகளும் மழைக்காலத்தில் நிறுத்தப்படும். தீபாவளி விடுமுறையையும் அங்குமிங்கும் கிடைக்கும் அரசு விடுமுறைகளையும் தாராளமாகச் சேர்த்தாலும் 24 இரவுகளைத் தாண்டுவது கடினம். 4 லட்சத்தை 24ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 16,600 ரூபாய்க்கு மேல். அறை வாடகையைப்போல் இரண்டு மடங்கு!

"நாங்கள் இல்லாத நாட்களில் வாடகைக்கு விடுவோமே" என்பீர்கள். இந்த இடத்தில் நம் குடும்பங்களுக்கு எதிர்பாராத ஓர் அனுகூலம் உண்டு. விருந்தினர் அதிகமாய்த் தேடுவது சனிக்கிழமை இரவையும் டிசம்பர் கடைசி வாரத்தையும்; நமக்குத் தேவைப்படாதவையும் அவைகளே. ஆண்டுக்கு 60 இரவுகள், இரவுக்கு 7,000 என்று வாடகைக்குப் போனால் 4.2 லட்சம். துப்புரவு, படுக்கை விரிப்புகள், இணையத் தளத்தின் கழிவு என மூன்றில் ஒரு பங்கு போக 2.8 லட்சம் கையில் நிற்கும். உங்கள் 24 இரவுகளின் விலை இரவுக்கு 5,000 ரூபாயாக இறங்கிவிடும். இப்பொழுதுதான் கணக்கு சரிப்படுகிறது.

ஆனால் அது விடுமுறை இல்லம் அல்ல. சிறிய விடுதித் தொழில். அந்த டிசம்பர் 31 இரவில் உங்கள் வரவேற்பறையில் யார் அமர்ந்து என்ன அருந்துவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். மதுபானத்துக்கு இடமில்லை என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சில வாடகைகள் தவறிப்போகும். ஆகவே நம்மவர்கள் 60 அல்ல, 40 இரவுகளை வைத்தே கணக்கிடுவது நேர்மை. அப்படிச் செய்தால் உங்கள் இரவு ஒன்றுக்கு ஏறக்குறைய 8,900 ரூபாய், அதாவது அறை வாடகையைவிடச் சற்று அதிகம் ஆகிறது. அந்த வித்தியாசத்தைச் சொந்த வீட்டின் மகிழ்ச்சிக்காகக் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். தெரிந்து கொடுப்பது நஷ்டமாகாது.

வருமான வரியில் நம்மைப் போன்ற குடியேறிகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்த உபயோகத்திலுள்ள இரண்டு வீடுகளுக்கு வரிக் கணக்கில் ஆண்டு மதிப்பு பூஜ்யம். நகரத்து ஃபிளாட் ஒன்று, அலிபாக் வீடு இரண்டு. நாசரேத்திலோ மார்த்தாண்டத்திலோ உங்கள் பெயரில் ஊர் வீடு ஒன்று இருந்தால் அது மூன்றாவது. மூன்றில் ஒன்று வாடகைக்கு விடப்பட்டதாகவே கருதப்பட்டு, வராத வாடகைக்கும் வரி கணக்கிடப்படும். ஊர் வீடு இன்னும் தகப்பனார் பெயரில் இருந்தால் இத்தொல்லை இல்லை. புதிய வரிமுறையைத் தெரிந்துகொண்டவர்களுக்குச் சொந்த உபயோக வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில் இரண்டு வீடுகளுக்கும் சேர்த்தே 2 லட்சம்தான் உச்சவரம்பு. 2024 ஜூலை 23 முதல் வீட்டு விற்பனையின் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குப்பின் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்துக் காட்டும் வசதியும் இல்லை. ஆகவே மேலே நல்ல மனதோடு ஒப்புக்கொண்ட அந்த 5 சதவீதம் முழுவதும் உங்களுடையது அல்ல.

பணக்கணக்கு இவ்வளவே. அதைவிடக் கவனமாய்ப் பார்க்க வேண்டியது நிலம்.

மகாராஷ்டிராவில் 1948ஆம் ஆண்டுக் குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டத்தின்படி, விவசாய நிலத்தைப் பொதுவாக விவசாயியே வாங்க முடியும். நகரத்தில் சம்பளம் வாங்கும் நாம், "பங்களா பிளாட்" என்று தரகர் காட்டும் மனை விவசாயமல்லாத பயன்பாட்டுக்கு முறையாக மாறியதா என்று காகிதத்தில் காண வேண்டும். சாத்-பாரா என்று வழங்கும் 7/12 பத்திரத்தில் நிலத்தின் உரிமையாளர், பயிர், கடன் எல்லாம் பதிவாகியிருக்கும். மூத்த உரிமையாளர் இறந்து, அவருடைய குமாரத்திகளின் பெயர் அதில் சேராமல் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கையொப்பமிடாத வாரிசு பின்னாளில் வழக்கோடு வருவார். விற்கிறவரின் வழக்கறிஞர் அல்ல, உங்கள் பணம் பெறும் வழக்கறிஞரே இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி. 2011 அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரைகளில், கடல் ஓதம் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குப் பொதுவாக இடமில்லை. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருங்கி வாழும் கிராமங்களில் இதை 50 மீட்டராகக் குறைக்க வழிசெய்தது. மற்றக் கிராமங்களுக்கு 200 மீட்டரே. விளம்பரத்தில் "படியிறங்கினால் கடல்" என்று இருந்தால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். வைர வியாபாரி நீரவ் மோடியின் கீகிம் பங்களா இவ்விதியை மீறியதென்று 2019 மார்ச் 8 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அவர் பெரிய மனிதர், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். கொச்சியின் மரடு பகுதியில் காயலோரமாக எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகள், உச்ச நீதிமன்ற ஆணையின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் இடிக்கப்பட்டன. அங்கே குடியிருந்தவர்கள் வரி கட்டினவர்கள். வங்கிக் கடன் பெற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லியிருந்தது. வங்கி கடன் கொடுத்துவிட்டதே என்பது ஒருபோதும் நிலத்துக்குச் சாட்சியாகாது.

சட்டம் விட்டாலும் கடல் விடாது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துச் சுவரைப் பிளக்கும். ஜன்னல் கொக்கி, கதவுக் கீல், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி இவை நகரத்தில் உழைக்கும் காலத்துக்கு அங்கே உழையா. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் ராய்கட் கடற்கரையில் கரையேறியபோது கூரைகளும் தென்னை, பாக்குத் தோட்டங்களும் விழுந்துபோயின. 2021 ஏப்ரல் முதல் வழங்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' காப்பீடு புயல், வெள்ளச் சேதங்களை ஏற்கிறது. வாங்கிய நாளிலேயே எடுங்கள். வீடு நெடுநாள் பூட்டிக்கிடந்தால் என்ன நிபந்தனை என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, நம் தமிழ்நாட்டிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாங்கினால் ஓய்வுக்காலத்துக்கும் உதவுமே" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. மும்பையிலிருந்து ஆண்டுக்கு எத்தனை இரவுகள் அங்கே போவீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததும், 2017இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் நினைவிருக்கட்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்தபின்பே முன்பணம். இன்னொன்று: கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகருகிறது. தெற்கே துறைமுகமோ கல்தடுப்போ இருந்தால் மணல் அங்கே நின்றுவிட, வடக்கேயுள்ள கரை அரிக்கப்படும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள மீனவக் கிராமங்கள் இதைக் கண்கூடாகக் கண்டிருக்கின்றன. மனையைப் பார்க்கும்போது கடலை மாத்திரம் பாராமல் தெற்கே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

இவையெல்லாவற்றுக்கும் பின்பு இன்னும் விருப்பம் இருந்தால், முதலில் இரண்டு ஆண்டுகள் அதே கிராமத்தில் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். சென்ற நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மனதில் எண்ணிய 50 இரவுகள் காகிதத்தில் எத்தனையாக நிற்கிறதென்று தெரியும். உடன்பிறந்த இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழியே. யாருக்கு எத்தனை பங்கு, பழுதுச் செலவை யார் ஏற்பது, ஒருவர் விலக விரும்பினால் விலை எப்படி நிர்ணயிப்பது என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் அண்ணன் தம்பி உறவும் நிலைக்கும். கடன் வாங்கினால் சிறிதாக வாங்குங்கள்.

வீட்டைப் பார்க்கப் போவது ஜூலை மாதத்தில் இருக்கட்டும். மழை கொட்டும் ஒரு நாளில் போய், மின்சாரம் எத்தனை முறை போகிறது, கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதா, சாலையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். காவலாளை விட்டுப் படுக்கையறை அலமாரியைத் திறக்கச் சொல்லி, உள்ளே கை வைத்துப் பாருங்கள். ஈரம் எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்பதை மரப்பலகையே காட்டிக்கொடுக்கும்.