நூறு நாள் வேலையும் கணக்குப் பரிசோதனையும்

பொதுஜனங்கள் வரியாகக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு சர்க்கார் ஏரி வெட்டுகின்றது, ரோடு போடுகின்றது, வீடு கட்டிக் கொடுக்கின்றது. இக்காரியங்கள் எஸ்டிமேட்டில் கண்டபடியும் ஒப்பந்தத்தில் கண்டபடியும் சட்டத்தில் கண்டபடியும் நடந்தனவா என்று பார்க்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், ‘அதற்கென்று ஆபீசர்கள் இருக்கின்றார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது நம்மவர்களுக்கு வழக்கமாயிருக்கின்றது. ஆனால் அந்த ஆபீசர் பார்ப்பதெல்லாம் காகிதத்தையேயாகும். கைநாட்டு இருக்கின்றதா, பில் இருக்கின்றதா, அளவுப் புத்தகத்தில் அளவு ஏறியிருக்கின்றதா என்பதோடு அவர் வேலை முடிந்தது. காகிதத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் திருடனுக்கு இருக்கும் அக்கறை யோக்கியனுக்குக்கூட இருப்பதில்லை.

இந்தச் சூதை ஏழைக் கூலிகளே வெளியாக்கிய ஒரு சங்கதியை நாம் இங்கு எடுத்துக்காட்ட வேண்டும். ராஜஸ்தானத்தில் பாலி ஜில்லாவைச் சேர்ந்த கோட் கிரானா என்னும் கிராமத்தில், 1994-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் விவசாயிகள் சங்கத்தார் ஒரு கூட்டம் போட்டார்கள். ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த தோழர் அருணா ராய் முதலியவர்கள் 1990-இல் ஏற்படுத்திய சங்கம் அது. கூட்டத்தில் பிரசங்கம் ஒன்றும் பிரமாதமாயில்லை. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலையும், பில்லையும், வவுச்சரையும் ஊரார் முன் உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு கூலி பெற்றார் என்று படித்தால், அந்த ‘இன்னார்’ கூட்டத்திலேயே எழுந்து நின்று, ‘நான் அந்த வேலைக்குப் போனதே இல்லையே’ என்று சொல்வார். எந்த ஆடிட்டர் இதைக் கண்டுபிடித்திருப்பார்?

அந்தக் கூட்டங்களிலிருந்து கிளம்பிய கிளர்ச்சிதான் பிறகு 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து முடிந்தது. அதே வருஷத்தில் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவில், எல்லா வேலைகளையும் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும், மஸ்டர் ரோல் முதல் அளவுப் புத்தகம் வரை பஞ்சாயத்து அதன் முன் வைக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. 2011-இல் செய்த விதிகளில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்க வேண்டும், வேலையை நடத்தினவர்கள் தணிக்கையில் தலையிடக் கூடாது என்றும் கண்டது. சட்டத்தைக் குறை சொல்ல நமக்கு அதிகமாக ஒன்றுமில்லை.

நடந்தது என்ன? 2017-18 முதல் 2020-21 வரை நான்கு வருஷங்களில் தேசமெங்கும் இத்தணிக்கைகள் கண்டுபிடித்த மோசடி 935 கோடி ரூபாய். திரும்ப வசூலானது 12½ கோடி. அதாவது நூறு ரூபாய் திருட்டுப் போனதில் ஒரு ரூபாய் முப்பத்துநாலு காசு வந்தது! நமது தமிழ்நாட்டின் பங்கு 245 கோடி. மாகாணங்களில் இதுவே அதிகம். வசூல் 2 கோடிச் சில்லரை. தமிழ்நாட்டில் திருட்டு அதிகம் என்பதைவிட இங்கே தணிக்கை அதிகமாக நடந்தது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கண்டுபிடித்த பணம் ஏன் வரவில்லை என்பதற்கு அது பதிலாகுமா? சந்தையில் தக்காளி திருடினவனைக் கட்டிவைத்து அடிக்கிற ஊரில், மஸ்டர் ரோலில் திருடினவனுக்கு ‘விளக்கம் கேட்டுக் கடிதம்’ போகின்றது. அவன் விளக்கம் எழுதுகின்றான். பிறகு பைல் தூங்குகின்றது.

இதற்கு மருந்தாகச் சர்க்கார் கண்டுபிடித்ததோ ஒரு போன் யந்திரம். வேலை செய்யும் இடத்தில் தினம் இரண்டு தடவை கூலிகளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமென்று 2023 ஜனவரி முதல் கட்டாயப்படுத்தினார்கள். 2025 ஜூலையில் அதே மத்திய சர்க்கார் இலாகாவே, சம்பந்தமில்லாத போட்டோக்கள் வருகின்றன, போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்து அனுப்புகின்றார்கள் என்று மாகாணங்களுக்கு எழுத வேண்டி வந்தது! படத்தைக் காட்டிக் காசு வாங்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்லவே! அதே சமயத்தில் சிக்னல் கிடைக்காத மலையடிவாரத்தில் உண்மையாகவே மண் சுமந்தவளுக்குப் படம் ஏறாமல் கூலி போயிற்று.

‘கையெழுத்துப் போடத் தெரியாத கூலிக்குக் கணக்கு என்ன தெரியும்?’ என்று கேட்கின்றார்கள். குளத்தை எத்தனை அடி வெட்டினோம், எத்தனை நாள் வெட்டினோம், அங்கே யந்திரம் வந்ததா இல்லையா என்பது வெட்டினவளுக்குத் தெரியாமல், முப்பது மைலுக்கப்பால் நாற்காலியில் இருப்பவருக்கா தெரியும்? உண்மையான தடை படிப்பில்லாமை அல்ல, பயம்தான். சபையில் எழுந்து பேசினால் அடுத்த வாரம் வேலைப் பட்டியலில் பேர் இருக்காது. பேசுகிறவள் சேரியிலிருந்து வந்தவளாகவும் கேட்கப்படுகிறவர் ஊர்ப் பெரியதனக்காரராகவும் இருந்துவிட்டாலோ சொல்ல வேண்டியதே இல்லை. சபையில் அவருக்கு நாற்காலி, அவளுக்குத் தரை என்றிருக்கும் வரையில் அங்கே எந்தக் கணக்கும் நேர்மையாகப் படிக்கப்படாது. ஆகவே தணிக்கையில் சாட்சி சொன்னவருக்கு வேலை மறுத்தால் அதையே குற்றமாக்கித் தண்டிக்க வேண்டும் என்கின்றோம். மோசடியென்று சபை தீர்மானித்த தொகையைக் கெடு வைத்து, சம்பந்தப்பட்டவரின் சம்பளத்திலிருந்தோ சொத்திலிருந்தோ பிடிக்க வேண்டும்.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை, 125 நாள் வேலை என்று சொல்லி, நிறைவேற்றியது. நாள் கூடுவதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. பேர் மாறினாலும் மஸ்டர் ரோல் எழுதும் கை மாறப் போவதில்லை என்பதைத்தான் ஞாபகப்படுத்துகின்றோம்.

இதைப் படிக்கும் தோழர்கள் சட்டம் கையில் இருக்கும்போது சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தஸ்தாவேஜின் நகல் மாத்திரமல்ல, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், அதில் போட்ட சாமானின் மாதிரியை அத்தாட்சியோடு எடுக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு எழுதினால் முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. ஒருவராகப் போடப் பயமாயிருந்தால் பத்துப் பேர் ஒரே நாளில் பத்து மனுவாகப் போடுங்கள். மஸ்டர் ரோல் நகல் வந்ததும் சபை கூடும் நாள் வரையில் காத்திருக்காமல், மாலையில் தெருவிளக்கடியில் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக உரக்கப் படியுங்கள்.