மெஷினா, குழாயா? வாளி சொல்லட்டும்

2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு யாரும் வர முடியாமல் போனபோது எங்கள் குடியிருப்பில் பல வீடுகளுக்கு டிஷ்வாஷர் வந்தது. பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பியவை. இன்று அவற்றில் சில, மேலே ஊறுகாய் ஜாடி வைக்கும் மேடையாகிவிட்டன. ஏன் என்று கேட்டால், "அடியில தண்ணி நிக்குது சார், நம்ம சமையலுக்கு இது சரிப்படாது" என்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சாம்பார், ரசம் எல்லாவற்றையும் அது கழுவும். தண்ணீர் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது சமையலை அல்ல, பில்டரை. மெஷினின் தரையில் இருக்கும் அந்த வலைக்கிண்ணத்தைத் திருகித் தூக்கினால் கறிவேப்பிலை, கடுகு, புளிச் சக்கை, எலுமிச்சை விதை எல்லாம் இருக்கும். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாலே பாதித் தொல்லை தீரும். பில்டருக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கும். அது கோளாறு அல்ல.

அடுத்தது, பின்னால் போகும் ஹோஸ். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது அது மடங்கிப் போகலாம். சிங்குக்கு அடியில் தாழ்வாகக் கிடந்தால், சிங்கில் ஊற்றும் தண்ணீரே மெஷினுக்குள் திரும்பிவிடும். மேடைக்கல்லுக்குச் சற்றுக் கீழ்வரை ஒரு வளைவாகத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். ஆனால் யாரை? எதிர் வீட்டு அம்மா எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். மெக்கானிக் வந்து, "பைப்லதான் அடைப்பு, பிளம்பரைக் கூப்பிடுங்கம்மா" என்றார். பிளம்பர் வந்து, "மெஷின்லதான் கோளாறு" என்றார். இரண்டு பேருக்கும் கூலி கொடுத்தாயிற்று. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது.

இந்த வழக்குக்கு ஒரு வாளி போதும். ஹோஸின் முனையைக் கழிவுக் குழாயிலிருந்து கழற்றி, சிங்குக்குள் வைத்த வாளியில் விட்டு, தண்ணீரை மட்டும் வெளியேற்றச் சொல்லி மெஷினை ஓட்ட வேண்டும். (எந்தப் பட்டன் என்பது கையேட்டில் இருக்கும்.) தண்ணீர் வேகமாகக் கொட்டினால் மெஷின் நன்றாக இருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். சொட்டினாலோ, வராமலே போனாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எதிர் வீட்டில் பீய்ச்சி அடித்தது. மறுபடி வந்த பிளம்பர் பார்த்தபோது, ஹோஸ் சேரும் குழாய் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாக அடைத்திருந்தது.

குனிய முடியாதவர்கள் வாட்ச்மேனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ உதவிக்கு அழைக்கலாம். ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயதானவர்கள், ஒன்றும் தெரியாது என்று நினைப்பவரிடம்தான் "பம்பையே மாத்தணும்" என்ற பேச்சு எளிதில் எடுபடுகிறது.

வீடு கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாஷிங் மெஷினுக்குத் தனியாகக் கழிவு வாய் வைப்பதுபோல சமையலறையிலும் ஒன்று வையுங்கள். சிங்கின் ஒற்றைக் குழாயில் ஆர்.ஓ. கழிவு நீரையும் இதையும் சேர்த்தால் அது எத்தனையைத்தான் தாங்கும்?

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மெஷின் அனுப்பினால் மட்டும் போதாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பில்டரை எப்படிக் கழற்றுவது என்று அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.